பெயிண்ட்பால் பெயிண்ட்: கிள்ளான் பள்ளத்தாக்கில் வாங்குவதும் வைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் அலுவலகக் குழுக்களுக்கும் பெயிண்ட்பால் ஆட்டம் ஏற்பாடு செய்து கொடுப்பது என் வழக்கம். ஆட்ட விதிகளை யாரும் விசாரிப்பதில்லை. எல்லாரும் கேட்பது பெயிண்ட்டைப் பற்றித்தான். அதுவும் ஆட்டத்துக்கு முந்தைய இரவு, எல்லாம் வாங்கி முடித்த பிறகு. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

புதியவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு: சாயப் பந்தால் எதிராளியைச் சுட வேண்டும்; பந்து உடைந்து சாயம் படிந்தால் அவர் அவுட், இதுதான் பெயிண்ட்பால் ஆட்டம். களத்தில் பந்தைப் பெயிண்ட் என்பார்கள். அதைச் சுடும் கருவி மார்க்கர். மார்க்கரின் மேலே பந்துகளைக் கொட்டிவைக்கும் பெட்டி ஹாப்பர்.

பெயிண்ட்பால் என்கிறார்கள். உள்ளே உண்மையிலேயே பெயிண்ட்தான் இருக்கிறதா?

இப்போது இல்லை. வெளித்தோல் ஜெலட்டின். மீன் எண்ணெய் மாத்திரையை விரலால் அழுத்திப் பார்த்திருப்பீர்கள். அதே வகைத் தோல், அதே வகை இயந்திரத்தில் செய்வது. உள்ளே இருப்பது பாலிஎத்திலீன் கிளைகால் என்ற திரவமும், அதைக் கெட்டிப்படுத்தும் பொருட்களும், சாயமும். தோல் விறைத்துப்போகாமல் இருக்க அதில் கிளிசரின் அல்லது சார்பிட்டால் சேர்த்திருப்பார்கள்.

தொடக்கத்தில் உண்மையான எண்ணெய்ப் பெயிண்ட்தான் இருந்தது. அமெரிக்காவில் வெட்ட வேண்டிய மரங்களுக்கும் மந்தையிலிருந்து பிரிக்க வேண்டிய மாடுகளுக்கும் தூரத்திலிருந்தே அடையாளமிட நெல்சன் பெயிண்ட் நிறுவனம் அந்தப் பந்துகளை விற்றது. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் ஹென்னிக்கரில் 12 பேர் அவற்றை வைத்து ஒருவரையொருவர் வேட்டையாடினார்கள். அதுதான் முதல் ஆட்டம். அந்தக் கறையைப் போக்க டர்பன்டைன் தேவைப்பட்டது. இன்றைய பந்துக்குத் தண்ணீர் போதும். ஆனால் தண்ணீரோடு சட்டென்று உறவு கொண்டாடும் இந்தக் குணம்தான், துணி துவைக்கும்போது வசதியாகவும் நம் ஊரில் சேமிக்கும்போது தலைவலியாகவும் இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

புரட்டாசி விரதத்தில் இருக்கிறேன் அண்ணா. ஜெலட்டின் என்றால் மாடா, பன்றியா? வாயில் பட்டுவிட்டால்?

ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவதுதான். பன்றித் தோல், மாட்டுத் தோல், மாட்டு எலும்பு ஆகியவையே உலகச் சந்தையில் அதிகம். பெட்டியின் மேல் எது என்று பல நேரங்களில் எழுதியிருக்காது. முஸ்லிம் நண்பர்களும் குழுவில் இருந்தால், பதிவு செய்யும்போதே களத்தாரிடம் கேட்டுவிடுங்கள். இந்த நாட்டில் இது புதிய கேள்வி இல்லை. பதில் தயாராக வைத்திருப்பார்கள்.

முகக்கவசத்தின் மூச்சுத் துளை வழியாக ஒரு துளி உள்ளே தெறிப்பது நடக்கக்கூடியதே. துப்பிவிட்டு வாய் கொப்பளித்தால் போதும். அந்த அளவு உடம்புக்குக் கெடுதல் செய்யாது. விரதத்துக்குக் கெடுதலா என்பதை நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. மனம் ஒப்பவில்லை என்றால் தீபாவளிக்குப் பிறகு வாருங்கள், களம் எங்கும் ஓடிவிடாது.

எல்லாப் பந்தும் ஒரே அளவுதானே? பிறகு ஏன் ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் இவ்வளவு விலை வித்தியாசம்?

பெரியவர்களுக்கான பந்து பெயரளவில் எல்லாம் 0.68 அங்குலம், ஏறத்தாழ 17 மில்லிமீட்டர்; எடை சுமார் 3 கிராம். ஒரு பெட்டியில் 2,000 பந்துகள், 500 வீதம் நான்கு பைகளில் இருப்பது பரவலான வழக்கம். ஆனால் உண்மையில் ஒரு தயாரிப்பு 0.680 இருக்கும், இன்னொன்று 0.690 இருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்குதானே என்று அலட்சியப்படுத்த வேண்டாம். பந்து பாய்ந்து வெளியேறும் மார்க்கர் குழலுக்குள் அது பெரிய வித்தியாசம்.

விலை ஏறும்போது நீங்கள் பணம் கொடுப்பது உருண்டைத்தன்மைக்கும், இரண்டு அரைத்தோல்கள் சேரும் தையல்கோட்டின் நேர்த்திக்கும், மெல்லிய தோலுக்கும், அழுத்தமான சாயத்துக்கும். போட்டிக்கான உயர்தரப் பெயிண்ட் மெல்லிய தோலோடு வரும். எதிராளியின் மேல் லேசாகப் பட்டாலும் உடையும். பயிற்சிக்கான மலிவுப் பெயிண்ட்டுக்குத் தோல் தடிமன். நடுத்தரம் இரண்டுக்கும் இடையே.

வாடகை மார்க்கரில் விளையாடுகிறவர்கள் உயர்தரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். அந்த மார்க்கர்கள் பந்தை முரட்டுத்தனமாகத் தள்ளுபவை. மெல்லிய தோல் எதிராளியைச் சென்றடைவதற்கு முன் உங்கள் குழலுக்குள்ளேயே உடைந்துவிடும். புதிதாக வந்திறங்கிய நடுத்தரப் பெயிண்ட், ஆறு மாதம் கிடங்கில் கிடந்த உயர்தரத்தைவிட எப்போதும் மேல்.

களத்திலேயே பெயிண்ட் தருகிறார்கள், வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது என்கிறார்கள். அப்புறம் நாம் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

பெரும்பாலான களங்களின் விதி அதுதான். பெயிண்ட்டில்தான் அவர்களுக்கு வருமானம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் கையில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, பதிவு செய்யும்போது "பெயிண்ட் எப்போது வந்தது, எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது. தகரக் கூரைக் கொட்டகையில் அடுக்கியிருப்பதாகத் தெரிந்தால் வேறு களம் பார்க்கலாம். இரண்டாவது, ஹாப்பரில் கொட்டும் முன் பையைப் பார்ப்பது. நன்றாக இல்லை என்றால் வேறு பை கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்; சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லையே.

பையைத் திறக்காமலேயே பழைய பெயிண்ட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் பெட்டியில் தயாரிப்புத் தேதியோ தொகுதி எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்து மூன்று மாதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஆறு மாதம் தாண்டினால் சந்தேகத்தோடு அணுகுங்கள். பிறகு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். நல்ல பெயிண்ட் உள்ளே கலகலவென்று தனித்தனியாக உருளும். பழையது கொத்துக் கொத்தாக நகரும், பந்துகள் பையின் உட்புறத்தில் ஒட்டியிருந்து தாமதமாக விடுபடும். பையின் அடியில் எண்ணெய்ப் பசை போல ஏதாவது படிந்திருந்தால், ஏதோ ஒரு பந்து உடைந்து மற்றவற்றையும் நனைத்திருக்கிறது. அந்தப் பையைத் தொடாதீர்கள்.

திறந்த பிறகு ஒரு பந்தை எடுத்து இரு விரல்களுக்கு இடையே மெதுவாகச் சுழற்றுங்கள். தையல்கோடு விரலில் வரப்பு போலத் தட்டினால் அது மலிவான வார்ப்பு. ஒரு பக்கம் சப்பையாகவோ குழிவாகவோ இருந்தால் நெடுநாள் ஒரே கிடையாகக் கிடந்தது. அழுத்தினால் தோல் உள்ளே போய் மெதுவாக மீண்டு வந்தால் ஈரம் குடித்திருக்கிறது. பளபளப்பு மங்கி, உள்ளே சாயம் ஒரு பக்கமும் தெளிந்த நீர் ஒரு பக்கமும் பிரிந்து நின்றால் வயதாகிவிட்டது. சாயப் பிரிவு மட்டும்தான் குறை என்றால் பெட்டியைப் புரட்டி வைத்தால் ஓரளவு சரியாகும். மற்றவை சரியாகாது.

கடைசிச் சோதனை கைக்கெட்டிய ஒன்று: நாலைந்து பந்துகளைத் தலை உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுங்கள். முதல் தடவையே எல்லாம் உடைந்தால் மிகவும் நொறுங்கும் தன்மை. வாடகை மார்க்கருக்கு ஆகாது. இரண்டாவது, மூன்றாவது தடவையில் உடைந்தால் நம் வேலைக்குச் சரி. ஐந்தாறு தடவை துள்ளித் துள்ளிக் குதித்துக்கொண்டே இருந்தால், அதை வைத்து யாரையும் அவுட் ஆக்க முடியாது.

நம் ஊர் வெயிலில்தான் பெயிண்ட் கெட்டுப்போகிறது, அப்படித்தானே?

எல்லாரும் வெயிலைத்தான் குற்றம் சொல்கிறார்கள். வெயிலும் கெடுக்கும், அதைவிடக் கெடுப்பது ஈரக்காற்று. ஜெலட்டின் தோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெயிண்ட்டுக்கு உகந்த ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு. கோலாலம்பூரில் சராசரியே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. திறந்து வைத்த பந்து அப்பளம் போல நமத்துப்போகிறது. நமத்த அப்பளம் எப்படி மடியுமே தவிர நொறுங்காதோ, அப்படியே இந்தப் பந்தும் வளையுமே தவிர உடையாது. கூடவே வீங்கவும் செய்யும்.

இன்னொரு தப்பான எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலை ஆட்டம் குளிர்ச்சியாக இருப்பதால் பெயிண்ட்டுக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். விடியற்காலையில்தான் இங்கே ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். பிற்பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கு 60 விழுக்காட்டுப் பக்கம் இறங்கும். ஆட்கள் மயங்கி விழாமல் இருக்கவும் மாலை மழைக்கு முன் முடிக்கவும் காலை ஆட்டம் நல்லது, மறுப்பதற்கில்லை. ஆனால் காலையில் பெயிண்ட் பையை அகலத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டுப் பாதுகாப்பு விளக்கம் கேட்கப் போகாதீர்கள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய களங்களில் ஒன்பது மணிக்குக்கூடப் புல்லில் பனி காயாமல் இருக்கும். ஒரு சுற்றுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு பையின் வாயை முறுக்கிக் கட்டிவிடுங்கள்.

எங்கள் சங்கமே பெட்டியாக வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறது. வீட்டில் எங்கே வைப்பது?

ஏசி ஓடும் அறையில், தரையில் படாமல், சுவரை ஒட்டாமல், பையைத் திறக்காமல். ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றுகிறது. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது வேலைதான். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் போதும். பகலில் ஏசியை அணைத்துவிடுகிற வீடு என்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பையோடு வையுங்கள். சமையலறை, குளியலறைக்குப் பக்கத்து அலமாரி, மாடிப்படிக்குக் கீழ் உள்ள சாமான் அறை, கார் நிறுத்தும் முன்திண்ணை ஆகியவை ஆகாது.

நம் நாட்டில் புகைப்படக்காரர்களின் வீட்டில் ஒரு பொருள் இருக்கும்: லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் ஈரம் நீக்கும் மின்பெட்டி. அதில் 45, 50 என்று ஈரப்பதத்தைக் குறித்து வைக்கலாம். பெயிண்ட்டுக்கு வேண்டியதும் அதே அளவு. கல்யாண வீடுகளில் படமெடுக்கும் நண்பர் உங்கள் குழுவில் இருந்தால் கீழ்த்தட்டை இரவல் கேளுங்கள். சிலர் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பைக்குள் நேரடியாகப் போடுகிறார்கள், அது வேண்டாம். எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று பொட்டலத்துக்குத் தெரியாது. ஈரம் அளவுக்கு மேல் போனால் தோல் விறைத்து நொறுங்கும்.

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் தலைகீழாகப் புரட்டுங்கள். அப்படியே விட்டால் அடியில் இருக்கும் பந்துகள் மேலே உள்ளவற்றின் பாரத்தில் சப்பையாகும். பெட்டிமேல் பெட்டியாக அடுக்கினால் இன்னும் சீக்கிரம். வீட்டில் இதற்குப் பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஃபிரிட்ஜில் வைத்தால் பல மாதம் கெடாது என்று எங்கள் மாமா சொல்கிறார். வைக்கலாமா?

மாமாவிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும்போது தோல் விறைக்கும். வெளியே எடுத்ததும் வியர்க்கும். இரண்டும் கெடுதல்.

உறையவைத்தால் கல்லாகிவிடும், நன்றாக வலிக்கும் என்று கிசுகிசுப்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் குளிர்பெட்டியில் அது கல்லாவதில்லை. தோல் நொறுங்கும் தன்மையாகி உங்கள் மார்க்கருக்குள்ளேயே சிதறும். அதோடு, இன்னொருவருக்கு வலிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களைக் களத்துக்கு வெளியே அனுப்புவதுதான் எங்கும் வழக்கம்.

ஷா ஆலமில் ஆட்டம். சிரம்பானிலிருந்து வருகிறோம். காரின் பின்பக்கம் வைத்தால் போதும்தானே?

ஓடும்போது பரவாயில்லை. வழியில் பனானா இலைச் சாப்பாட்டுக்கு வெயிலில் நிறுத்துகிறீர்களே, அங்கேதான் சிக்கல். மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரியை எளிதாகத் தாண்டும். 35 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் தோல் இளகி, அழுத்தம் பட்ட பக்கமெல்லாம் வடிவம் போய், பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு குளிரவைத்தாலும் அந்தச் சப்பை போகாது.

மீன் வாங்கப் போகும்போது கொண்டுபோகிற ஐஸ் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், ஐஸ் இல்லாமல். தடித்த சுவர்கள் வெப்பத்தைத் தடுக்கும், அவ்வளவு போதும். ஐஸ் போட்டால் அடுத்த கேள்வியில் சொல்லியிருப்பது நடக்கும். பெட்டியைப் பயணிகள் இருக்கும் பக்கம் வையுங்கள். சாப்பிட இறங்கும்போது பெயிண்ட்டும் இறங்கட்டும்.

நீங்கள் சொன்ன மாதிரியே ஏசி அறையில் வைத்தோம். களத்தில் பையைத் திறந்ததும் பந்துகள் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டன. ஏன்?

குளிர்ந்த பந்தின் மேல் காற்றின் ஈரம் படிந்துவிட்டது. ஐஸ் காப்பித் தம்ளரின் வெளிப்புறம் நனைவதும் இதனால்தான். நம் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, 23 அல்லது 24 டிகிரிக்குக் கீழ் உள்ள எந்தப் பொருளின் மேலும் நீர் கோக்கும். இரவு முழுவதும் 20 டிகிரியில் இருந்த பெயிண்ட்டை வந்தவுடன் திறந்தால், ஒவ்வொரு பந்தும் மெல்லிய நீர்ப்படலத்தால் நனைகிறது. ஜெலட்டினுக்கு அது போதும்.

வழி எளியது. களத்துக்கு வந்ததும் பையைத் திறக்காமல் நிழலில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியட்டும். வெளிப்புறம் காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி தெரியாமல் போன பிறகு துடைத்துவிட்டுத் திறக்கலாம். காரில் வரும்போதே ஏசியைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் காத்திருக்கும் நேரமும் குறையும். பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

மழை வந்தால்?

இடி கேட்டால் ஆட்டமே நிற்க வேண்டும். இங்கே அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்பாதீர்கள்.

இடியில்லாத தூறலில் ஆடுகிறவர்கள் ஹாப்பரை நிரப்பாமல் பாதியளவு போட்டு அடிக்கடி நிரப்பிக்கொள்ளுங்கள். மீதியை மூடி இறுகிய குப்பியில் இடுப்பில் வைத்திருங்கள். ஹாப்பரின் மூடியைத் திறந்தபடி குனிய வேண்டாம். ஒரு சொட்டு நீர் பட்ட பந்தில் பட்ட இடம் வெளுத்து மெத்தென்று ஆகும். அது குழலை விட்டு வெளியேறியதும் வளைந்து பறக்கும். சுற்று முடிந்ததும் ஹாப்பரில் எஞ்சியதைப் பைக்குள் திருப்பிக் கொட்டாதீர்கள். நனைந்த நாலு பந்து, நனையாத நானூறைக் கெடுத்துவிடும்.

உள்ளரங்கத்தில் ஆடினால் என்ன வாங்க வேண்டும்?

ஏசி அரங்கம் என்றால் பெயிண்ட்டுக்கு அதுவே சொர்க்கம். தூரம் குறைவு, வேகத்தையும் குறைத்து வைப்பார்கள். அதனால் எளிதில் உடையும் மெல்லிய தோல் பொருத்தம். கறை எளிதில் போகும் வெளிர்சாயத்தை அரங்கத்தாரே தருவார்கள். தகரக் கூரை போட்ட, ஏசி இல்லாத கிடங்கு என்றால் திறந்தவெளியைவிட மோசம். மேலே சொன்னதெல்லாம் அங்கும் பொருந்தும்.

கெந்திங் மலைப் பக்கம், கேமரன் மலைப் பக்கம் போய் ஆடினால் குளிருக்கென்று தனிப் பெயிண்ட் வேண்டுமா?

வேண்டாம். குளிரால் தோல் நொறுங்குவது 10 டிகிரி, அதற்கும் கீழே போகும்போதுதான் தொல்லையாகும். நம் மலைகளில் பகலில் 18, 20 டிகிரி இருக்கும். ஆனால் மூடுபனியோடு ஈரம் இங்கேயுள்ளதைவிட அதிகம். ஆகவே அங்கேயும் கவலை ஈரம்தான்.

இதையொட்டி ஓர் எச்சரிக்கை. குளிர்நாடுகளுக்காகச் செய்த குளிர்காலப் பெயிண்ட் சில நேரம் மலிவு விலையில் இங்கே வந்து சேரும். விறைக்காமல் இருப்பதற்காகத் தோலை வேண்டுமென்றே இளக்கமாகச் செய்திருப்பார்கள். நம் வெப்பத்தில் அது ரப்பராகிவிடும். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எந்த நிறம் நல்லது தம்பி? பிள்ளைகளின் அம்மா கறை போகுமா என்று கேட்கிறார்.

காட்டுக் களத்தில் பச்சை வேண்டாம். பட்டதா இல்லையா என்று நடுவருக்கே தெரியாது. மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, இளஞ்சிவப்பு ஆகியவை இலைகளுக்கிடையே பளிச்சென்று தெரியும். சிவப்பைப் பல களங்கள் அனுமதிப்பதில்லை. உண்மையில் யாருக்காவது அடிபட்டு இரத்தம் வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே.

கறைக்கு: காய்வதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போட்டுத் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். இளஞ்சிவப்பு மட்டும் பிடிவாதக்காரி. வெள்ளைச் சட்டையோடு வருகிறவர்களுக்கு நான் உத்தரவாதம் தருவதில்லை.

பந்து குழலுக்குள்ளேயே உடைகிறது. பெயிண்ட் மோசமா, மார்க்கர் மோசமா?

எங்கே உடைகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஹாப்பருக்குக் கீழே, பந்து உள்ளே நுழையும் இடத்திலேயே நசுங்கினால், பந்து முழுவதுமாக விழுவதற்குள் விசையை இழுத்துவிட்டீர்கள், அல்லது வீங்கிய பந்து பாதி வழியில் சிக்கியது. குழலின் நடுவில் உடைந்தால் குழலுக்கும் பந்துக்கும் அளவு பொருந்தவில்லை, அல்லது முன்பு உடைந்த பந்தின் மிச்சம் உள்ளே இருக்கிறது. குழலை விட்டு வெளியேறிய சில அடிகளில் தூளாகச் சிதறினால் தோல் அதிகமாகக் காய்ந்திருக்கிறது, இல்லையேல் வேகம் கூடுதல். கரியமில வாயு உருளையில் இயங்கும் மார்க்கரை விடாமல் படபடவென்று சுட்டால், வாயு விரியும்போது உண்டாகும் குளிர் மார்க்கரையும் பந்தையும் விறைக்கவைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அழுத்தக் காற்று உருளையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அளவு பார்க்க ஒரு வழி உண்டு. குழலை மார்க்கரிலிருந்து கழற்றிவிட்டு, கழற்றிய குழலில் மட்டும், பின்பக்கம் ஒரு பந்தைப் போடுங்கள். தானாக உருண்டு மறுபக்கம் விழுந்தால் தளர்வு. லேசாக ஊதியதும் சென்றால் பொருத்தம். கன்னம் உப்ப ஊதினாலும் நகரவில்லை என்றால் இறுக்கம். நம் ஊரில் பந்து ஆட்டத்தின் நடுவிலேயே வீங்குவதால் கொஞ்சம் தளர்வாகவே தொடங்குவது நல்லது. சொந்தக் குழல் வைத்திருப்பவர்கள் பெயிண்ட் வாங்கும்போது 0.680 பக்கம் உள்ள சிறிய அளவைத் தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு பந்து உடைந்தவுடன் குழலைத் துடையுங்கள். துடைக்காமல் சுட்டால் அடுத்த ஐந்தும் உடையும், அப்புறம் பெயிண்ட்டைத் திட்டிப் பயனில்லை.

அவன் முதுகில் பட்டது, நான் பார்த்தேன், ஆனால் உடையாமல் துள்ளிப் போய்விட்டது. அது அவுட்டா? வேகத்தைக் கூட்டலாமா?

அவுட் இல்லை. உடைந்து சாயம் படிந்தால்தான் கணக்கு. நட்பாகத் தொடங்கும் ஆட்டங்களில் சண்டை மூளும் இடம் இதுதான், அதற்குக் காரணமும் பெரும்பாலும் நமத்த பெயிண்ட்தான். உடையும் பந்து தன் வேகத்தில் ஒரு பங்கைச் சிதறுவதில் செலவழிக்கிறது. உடையாத பந்து உடம்பின் மேல் மொத்தமாக இறங்கித் தெறிக்கிறது. வலியும் கூடுதல், புள்ளியும் இல்லை.

வேகத்தைக் கூட்டக் கூடாது. உலகம் முழுவதும் திறந்தவெளிக்குப் பொதுவான உச்சவரம்பு நொடிக்கு 300 அடி. வாடகைக் களங்கள் பல 280 அல்லது அதற்கும் கீழே வைக்கின்றன. களத்தில் இருக்கும் வேகமானியில் அளந்த பிறகு மார்க்கரின் வேகத்தை மாற்றும் திருகைத் தொடுவது ஏமாற்று மட்டுமல்ல, ஆபத்து. பந்து துள்ளுகிறது என்றால் ஹாப்பரைக் காலி செய்து புதிய பையைத் திறங்கள். இரு அணிக்கும் ஒரே பெட்டிப் பெயிண்ட்டைக் கொடுத்துவிட்டால் வாக்குவாதமும் பாதியாகக் குறையும்.

தரையில் விழுந்த பந்தைப் பொறுக்கிப் போட்டுக்கொள்ளலாமா? காசு போகிறதே.

கூடாது. மண்ணும் ஈரமும் ஒட்டிய பந்து குழலைக் கீறும், உள்ளே உடையும். பொறுக்கிக் குப்பையில் போடுங்கள்.

பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்து இருக்கிறதாமே?

ஆம், 0.50 அங்குலப் பந்து, ஏறத்தாழ 12.7 மில்லிமீட்டர். எடை பாதிக்கும் குறைவு, அடியும் அதற்கேற்ப மென்மை. அதற்கென்று தனி மார்க்கர் வேண்டும். பெரியவர்களின் மார்க்கரில் போட முடியாது. சேமிக்கும் முறையில் வித்தியாசம் இல்லை. சிறிய பந்து என்பதால் ஈரம் விரைவாகத் தாக்கும், ஆகவே கவனம் கொஞ்சம் கூடுதலாக. முகக்கவசம் விஷயத்தில் எந்த வயதுக்கும் சலுகை கிடையாது.

மீதமான பெயிண்ட்டை அடுத்த ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் நாய் வேறு இருக்கிறது.

திறக்காத பை என்றால் வீட்டுச் சேமிப்பு பற்றி மேலே சொன்னபடி வையுங்கள். திறந்த பையை ஆட்டம் முடிந்த அன்றே, காற்றை அழுத்தி வெளியேற்றி, பூட்டு வாய் உள்ள பைக்குள் மாற்றி ஏசி அறையில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கலாம். அடுத்த ஆட்டத்துக்கு முன் தரையில் போட்டுப் பாருங்கள். துள்ளினால் குறிபார்க்கும் பயிற்சிக்கு மட்டும் வையுங்கள், ஆட்களின் மேல் வேண்டாம்.

நாய் இருக்கும் வீட்டில் இது விளையாட்டு இல்லை. மனிதருக்கு ஒரு துளி ஒன்றும் செய்யாது என்று முன்பு சொன்னேன். நாய் பந்துகளை மொத்தமாகத் தின்றுவிட்டால் கதை வேறு. பந்தில் இருக்கும் கிளைகாலும் கிளிசரினும் சார்பிட்டாலும் உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுத்து, இரத்தத்தில் உப்பின் அளவை ஆபத்தான நிலைக்கு ஏற்றிவிடும். இனிப்புச் சுவை இருப்பதால் நாய் விரும்பித் தின்னும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நடுக்கம் தெரிந்தால், அல்லது தின்றதைப் பார்த்தாலே, காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். எத்தனை பந்து போயிருக்கும் என்று சொல்ல முடிந்தால் அவருக்கு உதவியாக இருக்கும்.

மொத்தமாகப் பத்துப் பெட்டி எடுத்தால் விலை குறைவு. வருடம் முழுவதும் வைத்து ஆடலாமே?

பொருளாளர்கள் கேட்கும் கேள்வி இது. பெட்டி ஒன்றுக்குச் சில வெள்ளி (ரிங்கிட்) மிச்சமாவது உண்மை. ஆறு மாதத்துக்குப் பிறகு எஞ்சும் நான்கு பெட்டியும் துள்ளும் பந்தாக நிற்பதும் உண்மை. அத்தனை நாள் ஓடிய ஏசிக்கு மின்கட்டணமும் இருக்கிறது. புதியவர் ஒருவர் அரைநாள் ஆட்டத்தில் 100 முதல் 200 பந்து வரை சுடுவார். விசையில் விரல் பழகியவர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இருபது பேர் வருகிறார்கள், பாதிப் பேர் புதியவர்கள் என்றால் மூன்று பெட்டி பேசி வையுங்கள். இரண்டை முதலில் எடுங்கள். மூன்றாவதைத் திறக்காமலிருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் வேறு பதில் வரும்.